எல்லா நாட்டுப் பெண்களையும் ஊடகம் ஒரே மாதிரிதான் வதைக்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: டிவி, சினிமா, விளம்பரம், இன்ஸ்டாகிராம் எல்லாம் சேர்ந்து பெண்களைத் தங்கள் உடம்பைப் பார்த்துக் கூச வைப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறதா? சட்டம் போட்ட நாடுகளில் இது குறைந்திருக்கிறதா? "நான் குண்டு" என்று சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் பதினான்கு வயது மகளுக்கு ஒரு தாயால் என்ன செய்ய முடியும்? இந்த மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. போனைப் பிடுங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்பதுதான் அது. உண்ணுதல் கோளாறுகள் தொடர்பான துறையில் பயிற்சி பெற்றவள் என்ற முறையில் அந்த நான்காவதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான விடை அதோடு பிணைந்திருக்கிறது.

ஊடகம் வந்த பிறகு என்ன மாறியது என்று சொல்ல, ஊடகமே இல்லாத ஓர் இடம் வேண்டும். அப்படி ஒரு வாய்ப்பு பிஜி தீவில் கிடைத்தது. அங்கே நட்ரோகா பகுதிக்கு டிவி 1995-ல்தான் வந்தது. கொழுகொழுவென்று இருக்கும் பெண் நன்றாகப் பராமரிக்கப்படுகிறாள் என்று ஊரே மெச்சிய இடம் அது. நன்றாகச் சாப்பிடு என்பதுதான் விருந்தோம்பல், மெலிந்துபோனால்தான் கவலைப்படுவார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆன் பெக்கர், டிவி வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகள் 63 பேரிடம் உணவுப் பழக்கம் குறித்த 26 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்தார். 1998-ல் அதே வயதுடைய 65 மாணவிகளிடம் அதே படிவத்தைக் கொடுத்தார். 20 மதிப்பெண்ணைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை என்று பொருள். அப்படித் தாண்டியவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 ஆனார்கள். உடல் எடையைக் குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் 1995-ல் ஒருவர்கூட இல்லை. மூன்றே ஆண்டில் அது 11.3 விழுக்காடு. 1998-ல் நான்கில் மூன்று பெண்கள், தாங்கள் அதிகப் பருமனாக இருப்பதாக எப்போதாவது உணர்ந்திருப்பதாகச் சொன்னார்கள்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டாதவர் கிடையாது. ஆனால் அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். இரண்டு முறையும் கேட்கப்பட்டது ஒரே மாணவிகளிடம் இல்லை, எண்ணிக்கையும் சிறியது. அந்தப் படிவம் ஒரு சல்லடைதான், அதை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அதே மூன்று ஆண்டுகளில் சம்பள வேலை, நகரத் தொடர்பு, இறக்குமதி உணவு என்று வேறு பலவும் அந்தச் சமூகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. என் பார்வையில் எண்களைவிட மதிப்புள்ளது, அந்தப் பெண்கள் பேட்டியில் சொன்ன காரணம்தான். டிவியில் வரும் பெண்கள் ஒல்லியாக இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், மதிக்கப்படுகிறார்கள். நாமும் ஒல்லியானால் அந்த வாழ்க்கை கிடைக்கும் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அழகு ஆசையைவிட முன்னேறும் ஆசை அதில் பெரிதாக இருந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் "சினிமாக்காரியைப் பார்த்துக் கெட்டுப்போகிறாள்" என்று மகளைத் திட்டினால் அவள் வாயை மூடிக்கொள்வாள், மனசு மாறாது.

பெக்கர் குழு 2011-ல் பிஜியிலிருந்து இன்னொரு முடிவை வெளியிட்டது. தன் வீட்டில் டிவி இருக்கிறதா என்பதைவிட, தோழிகள் எவ்வளவு ஊடகம் பார்க்கிறார்கள் என்பதே ஒரு பெண்ணின் உணவுச் சிக்கல்களோடு அதிகம் தொடர்பு கொண்டிருந்தது. போனைப் பிடுங்கினால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் நேரடி விடை. உங்கள் மகள் பார்க்காவிட்டாலும் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பார்க்கிறாள். மதிய உணவு வேளையில் யார் எவ்வளவு எடை என்ற பேச்சாக அது திரும்பி வரும்.

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் கரீபியன் கரைக் கிராமங்களில் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே அருகருகே உள்ள ஊர்களில் ஒன்றுக்கு மின்சாரமும் டிவியும் உண்டு, அடுத்ததற்கு இல்லை. அதிகம் டிவி பார்த்தவர்கள், பசி பட்டினி போன்ற மற்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், மெலிந்த உடலையே அழகென்று தேர்ந்தெடுத்தார்கள். பசியை ஏன் கழிக்க வேண்டும்? உணவுக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில் சதைப்பிடிப்பான உடலே செழிப்பின் அடையாளம். சாப்பாட்டு வேளைக்கு முன் பசியோடு இருக்கும் ஆண்களிடம் கேட்டாலே சற்றுப் பருமனான உருவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஊடகத்தின் பங்கு எவ்வளவு, வயிற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது அதனால்தான் கடினம்.

ஆக, ஊடகம் மெலிந்த உடலை விரும்பக் கற்றுக்கொடுக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. அந்த விருப்பம் ஒவ்வொரு பெண்ணையும் நோயாளியாக்குகிறதா என்று கேட்டால், இல்லை. 2002-ல் 25 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒல்லியான மாடல்களின் படங்களைப் பார்த்தவுடன் பெண்களுக்குத் தங்கள் உடல்மீது அதிருப்தி கூடியது, 19 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக. ஆனால் அந்தப் பாதிப்பு நடுத்தர அளவுகூட இல்லை, சிறியதுதான். 2013-ல் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தவர் இன்னும் கறாராகச் சொன்னார்: பாதிப்பு பெரும்பாலும் ஏற்கெனவே தன் உடலை வெறுக்கத் தொடங்கிவிட்ட பெண்களிடமே தெரிகிறது. துறைக்குள் இது இன்றும் முடியாத விவாதம். நான் இரண்டாமவர் பக்கம் சற்றுச் சாய்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு: ஏற்கெனவே வெறுக்கத் தொடங்கியவர்கள் இந்தக் காலத்துப் பதின்ம வயதில் சிறு கூட்டமாக இல்லை.

2021-ல் கசிந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. "மூன்றில் ஒரு சிறுமிக்கு இன்ஸ்டாகிராம் உடல் குறித்த எண்ணத்தை மோசமாக்குகிறது" என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி வந்தது. ஆவணத்தில் இருந்த விவரம் கொஞ்சம் வேறு. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மோசமாக உணர்ந்துகொண்டிருந்த சிறுமிகளில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்றார்கள். அந்த நிபந்தனையைத் தலைப்புகள் விட்டுவிட்டன. நிபந்தனையோடு படித்தாலும் அது சிறிய சங்கதி இல்லை. புண் இருக்கும் இடத்திலேயே தேய்க்கும் ஒரு பொருளை அந்தப் பிள்ளை தினமும் பல மணி நேரம் கையில் வைத்திருக்கிறாள்.

இப்போது நாடுகளுக்கு வருவோம். எது அழகு என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த அழகு தன்னிடம் இல்லை என்ற குறையை ஊட்டி, அதற்கு ஒரு பரிகாரத்தை விற்கும் முறை மட்டும் எங்கும் ஒன்றுபோல் இருக்கிறது. ஜப்பானில் அந்தக் குறை எடை. இருபதுகளில் உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருடைய உடல் நிறை குறியீட்டெண் 18.5-க்குக் கீழ். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அந்த எண் வரும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 18.5 என்பது 47 கிலோவும் கொஞ்சமும். ஒரு பணக்கார நாட்டில் இத்தனை பெண்கள் எடை குறைந்திருப்பது வழக்கத்துக்கு மாறானது. அங்கே பிறக்கும் குழந்தைகளில் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவானவை பத்தில் ஒன்றை நெருங்குகின்றன. தாயின் வயது போன்ற வேறு காரணங்களும் அதில் சேரும் என்றாலும், ஒல்லியான தாய்மார்கள் கர்ப்பத்திலும் எடை கூடாமல் பார்த்துக்கொள்வது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அதனால்தான் 2021-ல் அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கம், எடை குறைந்த தாய்மார்கள் கர்ப்பகாலத்தில் 12 முதல் 15 கிலோ வரை கூட வேண்டும் என்று பழைய வரம்பை உயர்த்தியது.

தென்கொரியாவில் எடையோடு முகமும் சேர்ந்துகொள்கிறது. வேலை விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டும் வழக்கம் நீண்ட காலம் இருந்த நாடு அது. கண் இமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவை சிகிச்சையைப் பள்ளி முடித்ததும் பரிசாகத் தரும் பெற்றோர் உண்டு. 2017-ல் அரசுத்துறை வேலைகளுக்குப் படமில்லா விண்ணப்பம் வந்தது. சியோல் மெட்ரோ நிர்வாகம் ரயில் நிலையங்களில் பிளாஸ்டிக் சர்ஜரி விளம்பரங்களைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2018-ல் இளம்பெண்கள் தலைமுடியை ஒட்ட வெட்டி, ஒப்பனைப் பொருட்களை உடைத்துப் படம் போட்டு, அழகு என்ற இறுக்கும் உடுப்பிலிருந்து வெளியேறுவதாக ஓர் இயக்கமே நடத்தினார்கள். சீனாவில் 2016-ல் ஏ4 காகிதத்தைச் செங்குத்தாகப் பிடித்து, இடுப்பு அதன் பின்னால் முழுக்க மறைகிறதா என்று பார்க்கும் போட்டி பரவியது. காகிதத்தின் அகலம் வெறும் 21 சென்டிமீட்டர்! 2021-ல் அந்த நாட்டுச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு, தோற்றம் குறித்துப் பதற்றம் உண்டாக்கும் அழகு சிகிச்சை விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது. ஈரானில் தலைமுடியும் உடலும் மறைந்திருக்க, பார்வையில் படும் முகத்தின்மேல் சுமை முழுதும் இறங்கி, மூக்கு அறுவை சிகிச்சை பெருவழக்காகிவிட்டது. பிரேசிலில் பிளாஸ்டிக் சர்ஜரி நடுத்தர வர்க்கத்தின் தவணைச் செலவாகவே மாறியிருக்கிறது. உடலை மூடினாலும் திறந்தாலும் சந்தை தன் வழியைக் கண்டுபிடித்துவிடுகிறது.

ஊடகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரிட்டானியா சாட்சி. டிவி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே சிறுமிகளுக்குப் பாலையும் தானியக் கூழையும் வற்புறுத்தி ஊட்டிக் கொழுக்க வைத்தார்கள். பருத்த பெண்தான் அழகு, கல்யாணச் சந்தையில் அவளுக்கே மதிப்பு. குமட்டினால் விரலைத் திருகுவார்கள், கால் விரல்களுக்கிடையே குச்சி வைத்து அழுத்துவார்கள். அந்த வழக்கம் இப்போது குறைந்துவருகிறது. ஆனால் உடலைப் பெருக்க ஹார்மோன் மருந்துகளையும் கால்நடைக்கான மருந்துகளையும் விழுங்கும் பெண்களைப் பற்றிய செய்திகள் வந்திருக்கின்றன. மெலிய வைப்பதும் பெருக்க வைப்பதும் எதிரெதிர் என்று தோன்றும். இரண்டிலும் ஒரு சிறுமியின் பசி அவளுக்குச் சொந்தமில்லாமல் போகிறது.

தோல் நிறத்தை உங்கள் கேள்வி தொடவில்லை. ஆனால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எடைக்கு முன்பே அதுதான் வந்து நிற்கிறது. இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-ல் சந்தைக்கு வந்தது. கறுப்பாக இருந்தவரை வேலையும் வரனும் அமையாத பெண், கிரீம் தடவியதும் இரண்டையும் பெறுகிறாள் என்பதே பல ஆண்டுகள் அதன் விளம்பரக் கதை. பிஜிப் பெண்களின் கணக்குத்தான் இதுவும். 2014-ல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுப்பு நிறத்தவரைத் துயரப்படுபவராகவோ தாழ்ந்தவராகவோ காட்டக்கூடாது என்று விதி வகுத்தது. 2020-ல் கிரீமின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறினால் மனசு மாறும் என்று நான் நம்பவில்லை. விளம்பரத்தைவிடப் பெரிய ஆபத்து லேபிளில் சரியாக எழுதாத கிரீம்களில் இருக்கிறது. பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு கலந்தவை முதல் சில வாரங்கள் முகத்தைப் பளிச்சென்று காட்டும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், எரிகிறதே என்று மறுபடி தடவுவார்கள், தோல் மெலிந்து முடி முளைக்கத் தொடங்கும். தோலை வெளுக்கச் செய்யும் மருந்தான ஹைட்ரோகுயினோனை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் தடவினால், வெளுக்க வேண்டிய இடத்திலேயே நீலக்கறுப்பாகத் திட்டுத்திட்டாகப் படியக்கூடும். அந்தத் திட்டு எளிதில் போகாது.

எந்த நாட்டுப் பெண்கள் அதிகம் வதைபடுகிறார்கள் என்று வரிசைப்படுத்த என்னால் முடியாது, யார் வரிசைப்படுத்தினாலும் சந்தேகப்படுங்கள். 26 நாடுகளில் 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பல அளவுகளில் வரைந்த பெண் உருவங்களைக் காட்டி, இப்போது நீ எது, எதுவாக இருக்க விரும்புகிறாய் என்று கேட்டார்கள். இரண்டு எண்களின் இடைவெளிதான் அதிருப்தி. வசதியான நகர்ப்புறப் பெண்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மெலிந்த உருவத்தைக் காட்டினார்கள். வித்தியாசம் அதிகம் தெரிந்தது ஒரே நாட்டின் வசதியான ஊருக்கும் ஏழைக் கிராமத்துக்கும் இடையில்தான். ஆகவே நாட்டைப் பார்ப்பதைவிட, உங்கள் மகள் எந்தப் பள்ளியில், எந்தக் கூட்டத்தில் இருக்கிறாள் என்று பார்ப்பது உதவும்.

சட்டங்களுக்கு வருகிறேன். 2006-ல் மாட்ரிட் ஃபேஷன் வாரம், உடல் நிறை குறியீட்டெண் 18-க்குக் கீழ் உள்ள மாடல்களை மேடையேற விடவில்லை. 175 சென்டிமீட்டர் பெண்ணுக்கு அது 55 கிலோ. அதே ஆண்டு உருகுவேயின் லூயிசெல் ராமோஸ், பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டோன் என்று இரண்டு இளம் மாடல்கள் இறந்தார்கள். இஸ்ரேல் 2012-ல் சட்டம் இயற்றி 2013 முதல் நடைமுறைப்படுத்தியது. குறியீட்டெண் 18.5 உண்டு என்று மூன்று மாதத்துக்குள் வாங்கிய மருத்துவச் சான்று வேண்டும். படத்தில் உடலை மெலிய வைத்துத் திருத்தியிருந்தால் விளம்பரப் பரப்பில் 7 விழுக்காட்டுக்குக் குறையாத அறிவிப்பு போட வேண்டும். பிரான்சில் முதலில் இப்படி ஒரே எண்ணைத்தான் வரைவில் வைத்தார்கள். பிறகு அதைக் கைவிட்டு, மருத்துவர் மொத்த உடல்நலத்தையும் பார்த்துச் சான்று தரட்டும் என்று மாற்றினார்கள். இது எனக்குச் சரியாகப் படுகிறது. இயல்பிலேயே ஒல்லியான ஆரோக்கியமான பெண்ணும் உண்டு, எண் சரியாக இருந்தும் தினமும் வாந்தி எடுக்கும் பெண்ணும் உண்டு. 2017 அக்டோபர் முதல் அங்கே உடல் வடிவம் திருத்தப்பட்ட விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும், தவறினால் 37,500 யூரோ அபராதம். நார்வேயில் 2022 ஜூலை முதல் இதேபோன்ற விதி, பணம் வாங்கிப் பதிவிடும் சமூக ஊடகப் பிரபலங்களுக்கும் சேர்த்து.

அந்த அறிவிப்புகளால் பலன் உண்டா? இந்த இடத்தில் ஆய்வுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன, விடை ஏமாற்றமானது. "இந்தப் படம் திருத்தப்பட்டது" என்ற வரியைப் படித்த பெண்களுக்கு அதிருப்தி குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் மரிகா டிகிமன் குழுவினர் கண் அசைவைக் கருவியால் பதிவு செய்து பார்த்தார்கள். கால்கள் நீளமாக்கப்பட்டிருக்கின்றன என்பதுபோல் குறிப்பாகச் சொன்னால் பார்வை நேராகக் கால்களுக்கே போனது. எப்போதும் பிறரோடு ஒப்பிட்டுக்கொள்ளும் சுபாவமுள்ள பெண்களுக்கு அதனால் அதிருப்தி கூடவும் செய்தது. பொய்ப்படம் என்று அறிவுக்குத் தெரியும். ஒப்பீடு அந்த அறிவுக்காகக் காத்திருப்பதில்லை.

ஆனால் சட்டங்களையே வீண் என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவச் சான்று விதி, மாடலாக வேலை செய்யும் பெண்ணுக்குத் தொழில் பாதுகாப்பு. அது மட்டுமே போதுமான நியாயம். அதோடு, படம் உருவாகும் இடத்தில் அழுத்தம் விழுந்தால் சங்கிலியில் மேலே உள்ளவர்கள் அசைகிறார்கள். பிரெஞ்சு விதி அமலான அதே நாளில், படங்களை விற்கும் நிறுவனமான கெட்டி இமேஜஸ், உடல் வடிவம் திருத்தப்பட்ட வணிகப் படங்களை ஏற்பதை நிறுத்தியது. சில வாரங்களுக்கு முன்பே எல்விஎம்எச், கெரிங் ஆகிய இரண்டு பெரும் ஆடம்பரப் பொருள் நிறுவனங்களும் பிரெஞ்சு ஆடை அளவில் 32 என்ற மிகச் சிறிய எண் பொருந்தும் மாடல்களைத் தவிர்ப்பதாக ஒப்பந்தம் போட்டன. பார்ப்பவளை எச்சரிப்பதைவிடத் தயாரிப்பவனைக் கட்டுப்படுத்துவது மேல் என்பதே இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

இனி வீட்டில் செய்யக்கூடியது. போனை முற்றிலும் பிடுங்குவதைவிட நேரத்தை வெட்டுவதற்கு ஆதாரம் இருக்கிறது. கனடாவில் 17 முதல் 25 வயதுள்ள 220 மாணவர்களில் ஒரு பாதியினர் மூன்று வாரம் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள். தங்கள் தோற்றத்தையும் எடையையும் பற்றிய எண்ணம் அவர்களுக்கு மேம்பட்டது, குறைக்காதவர்களுக்கு மாறவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவு காலம் அது நிலைத்தது என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. வயதும் உங்கள் மகளைவிட அதிகம், ஆனாலும் முயன்று பார்க்கத் தகுந்தது. நேரத்தோடு உள்ளடக்கத்தையும் மாற்றுங்கள். அவளே செயலியைத் திறந்து, பார்த்த பிறகு தன்னைப் பற்றி மோசமாக உணர வைக்கும் கணக்குகளைப் பின்தொடர்வதை நிறுத்தட்டும். எடைக் குறைப்பு வீடியோ வந்தால் "ஆர்வமில்லை" என்பதை அழுத்தட்டும். வெறுப்போடு பார்த்தாலும் கடைசிவரை பார்த்தால் அதே ரகம் மறுபடி வரும், ஏனென்றால் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதைத்தான் செயலி எண்ணுகிறது. உடற்பயிற்சி ஊக்கம் என்ற பெயரில் வரும் கட்டுடல் படங்களும் ஒல்லி மாடல் படங்களைப் போலவே அதிருப்தியை உண்டாக்குகின்றன. எல்லா உடலும் அழகே என்று சொல்லும் பக்கங்கள் மனநிலையைச் சற்று உயர்த்துகின்றன என்றாலும், கவனத்தை மறுபடி தோற்றத்திலேயே நிறுத்துகின்றன. ஓவியம், பூனை, வானியல் என்று தோற்றத்தோடு சம்பந்தமே இல்லாதவற்றை நிரப்புவதுதான் நான் சொல்லும் வழி.

தன் மூக்கு பெரிது, முகம் அகலம் என்று அவள் சொல்வாளானால் இதைச் செய்து காட்டுங்கள். போனை முகத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் வைத்து ஒரு படம், ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து அதே கோணத்தில் இன்னொரு படம். இரண்டாவதைப் பெரிதாக்கி முகம் ஒரே அளவில் தெரியும்படி அருகருகே வையுங்கள். கிட்டத்தில் எடுத்தால் மூக்கின் அடிப்பாகம் கிட்டத்தட்ட 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கேமராவுக்கு மூக்கு அருகிலும் காது தூரத்திலும் இருப்பதால் வரும் கோளாறு இது. அவளை மற்றவர்கள் பார்ப்பது கை நீளத்துக்கு அப்பாலிருந்துதான்.

தடுப்பு முறைகளில் ஆதாரம் மிக வலுவாக உள்ளது எரிக் ஸ்டைஸ் என்ற உளவியலாளர் குழு உருவாக்கிய 'பாடி புராஜெக்ட்'. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, வாரம் ஒரு மணி நேரம், நான்கு வாரம் செய்வது. யாரும் பாடம் நடத்துவதில்லை. ஒல்லியே அழகு என்ற எண்ணத்தை அந்தப் பெண்களே தங்கள் வாயால் எதிர்த்துப் பேசுகிறார்கள், தங்களைவிடச் சின்னப் பெண்ணுக்கு அதை எதிர்த்துக் கடிதம் எழுதுகிறார்கள். வாய் ஒன்று சொல்ல மனம் வேறொன்றை நம்புவது சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் நம்பிக்கையைத் தளர்த்துகிறது. ஒரு சோதனையில் மூன்று ஆண்டுகளில் உண்ணுதல் கோளாறு தொடங்குவதை இது சுமார் 60 விழுக்காடு குறைத்தது. வீட்டில் தாயும் மகளுமாகச் செய்தால் அதே பலன் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருந்தாலும் கொள்கையைக் கடன் வாங்கலாம்: நீங்கள் பேசுவதைக் குறைத்து அவளைப் பேசவிடுங்கள். தங்கை முறையில் யாராவது இருந்தால், "அவள் பத்து வயதிலேயே டயட் இருக்கிறாளாம், நீ என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். செய்யக்கூடாததும் உண்டு. உண்ணுதல் கோளாறு உள்ளவர்கள் என்னென்ன தந்திரம் செய்வார்கள் என்று விவரித்துப் பயமுறுத்தாதீர்கள். அது சில பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகிவிடும்.

ஊடகத்துக்கு அடுத்தபடி, சில வீடுகளில் அதற்கும் முன்பாக, குடும்பத்தாரின் வாய். "வெயிட் போட்டுட்டே" என்று அப்பாவோ பெரியம்மாவோ விளையாட்டாகச் சொல்வதுகூடக் கணக்கில் சேர்கிறது. பெற்றோர் எடையைப் பற்றிப் பேசும் வீடுகளில் பிள்ளைகளிடம் கேடான டயட் பழக்கங்கள் அதிகம். உடம்புக்கு நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசும் வீடுகளில் அது குறைவு. இது தொடர்புதான், காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் எடைப் பேச்சை நிறுத்துவதால் எந்தத் தீங்கும் இல்லை. உங்கள் சொந்த உடம்பை அவள் காதுபடக் குறை சொல்வதையும் சேர்த்தே நிறுத்துங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது, அவள் சாப்பாட்டைத் தள்ளிவைப்பது. அதிருப்தி என்ற கோட்டைத் தாண்டி நோய்க்குள் போகிறாளா என்று பாருங்கள். ஒருவேளை உணவைத் தொடர்ந்து தவிர்ப்பது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் இருக்கச் சாக்குச் சொல்வது, மூன்று மாதம் மாதவிடாய் நிற்பது, எப்போதும் குளிர்வது, தலைசுற்றி விழுவது, பேதி மாத்திரை வைத்திருப்பது இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வளரும் வயதில் எடை குறைய வேண்டும் என்றுகூட இல்லை, கூட வேண்டிய எடை ஆறு மாதமாகக் கூடாமல் நின்றாலே அது இழப்பு. பெரியவர்களுக்கான 18.5 என்ற எண்ணை அவளுக்குப் பொருத்தாதீர்கள். இந்த வயதுக்குத் தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது, அவளுடைய முந்தைய கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறாள் என்பதே முக்கியம். வாந்தி எடுக்கிறாள் என்றால் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பார்வைக்கு ஒல்லியாக இல்லை என்பதற்காக ஒரு மருத்துவர் தட்டிக்கழித்தால் இன்னொருவரைப் பாருங்கள். எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் நோயான அனோரெக்ஸியா பதின்ம வயதில் வந்தால், அதற்கு பெற்றோரே சில காலம் உணவுப் பொறுப்பை முழுதாகக் கையில் எடுக்கும் குடும்பவழிச் சிகிச்சைக்குத்தான் இன்று நல்ல ஆதாரம் உள்ளது. நோய் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் ஆரம்பித்தால் அது கூடுதலாகப் பலிக்கிறது. வயது பதினான்கு என்பதால், அது நோயாகவே இருந்தாலும் அந்தக் கால அளவுக்குள்தான் நீங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போய், பழைய எடை, உயரக் குறிப்புகளையும் கையோடு கொண்டுபோங்கள்.